உறைந்த புழு மேல் பழி போடுவதை நிறுத்துங்கள்

நம் மீன் வளர்ப்புக் குழுவில், தன் டிஸ்கஸ் மீன்கள் செத்துவிட்டன என்று அந்த நெல்லைத் தம்பி போட்ட பதிவைப் பற்றித்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோரும் பேசுகிறீர்கள். நானும் படித்தேன். செத்த மீன்களின் படத்தைப் போட்டு, "அண்ணா, என்ன காரணம்னு யாராவது சொல்லுங்க" என்று கேட்ட பையனுக்கு வந்த பதில் என்ன? "ஃப்ரோசன் போட்டாய் அல்லவா, அனுபவி." உறைய வைத்து விற்கிற புழுத் தீனியைத்தான் சொல்கிறீர்கள். இதையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை காலையில் பதிவையே அழித்துவிட்டான்.

காரணத்தை அவனே கீழே எழுதியிருந்தான், ஒருவரும் படிக்கவில்லை. முந்தின நாள் இரவு முழுக்க கரண்ட் இல்லை. காலையில் ஃப்ரீசரில் இருந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழு) பாக்கெட் தண்ணீராகிக் கிடந்தது. கரண்ட் வந்ததும் திரும்பக் கட்டியாகிவிட்டது, அதைத்தான் அன்று மாலை போட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தான். படத்தைப் பார்த்தாலும் தெரியும், தின்னாத புழு தொட்டியின் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஃப்ரோசன் உணவு மீனைக் கொல்லாது. உருகி மறுபடி உறைந்த உணவு கொல்லும். மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியா பெருகாது, ஆனால் எல்லாமே செத்தும் போகாது. பாக்கெட் உருகினால் மறுபடி பெருக ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஓர் இரவே போதும். அதன்பின் எத்தனை முறை உறைய வைத்தாலும் கெட்டது கெட்டதுதான். டிஸ்கஸ் தொட்டியை 28, 30 டிகிரியில் வைக்கிறோம். அந்தச் சூட்டில் மிச்சம் கிடக்கிற புழு மளமளவென்று அழுகி, மீனுக்கு விஷமான அம்மோனியாவைத் தண்ணீரில் ஏற்றும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. மீன் எவ்வளவுதான் தாங்கும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரில் இருந்த ஆர்ட்டீமியா (பொடி இறால் மாதிரியான உயிரி), பிளட் வார்ம் எல்லாம் உருகிவிட்டது. அத்தனையையும் அன்றே குப்பையில் போட்டேன். காசைப் பார்த்து அம்மாவுக்கே மனசு வலித்தது. ஃப்ரீசரில் புழு வைக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக என்னோடு சண்டை போடுகிறவர் அவர். மின்சாரம் வரும்வரை மீன்களுக்கு எதுவும் போடவில்லை. வளர்ந்த, ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. கெட்ட தீனி தின்றால்தான் ஆகும். இதை ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்கலாம்.

"உயிருள்ள புழுதான் இயற்கை உணவு, அதையே போடு" என்று அவனுக்கு அறிவுரை சொன்னவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உயிரோடு போடுகிற டியூபிஃபெக்ஸ் புழு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? சாக்கடைக் கால்வாய்ச் சேற்றிலிருந்து. சின்ன வயதில் அப்பா என்னைக் சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளுக்குக் கூட்டிப்போய் ஃபைட்டர், ஏஞ்சல் மீன்கள் வாங்கித் தருவார், கூடவே ஒரு கவரில் அந்தப் புழு. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு அலசு அலசு என்று அலசுவோம், அப்படியும் அந்த நாற்றம் போகாது. அந்தச் சேற்றில் இறங்கி நின்று அதை அள்ளிய மனிதர்களின் கை கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது. குட்டையில் வலை போட்டு அள்ளும் டேப்னியா என்கிற பொடி நீருயிரியோடு, அதே மாதிரியான சைக்ளாப்ஸும் சேர்ந்து வரும், அதன் வழியாகக் கமலேனஸ் என்கிற ஒட்டுண்ணிப் புழு மீனின் குடலுக்குள் போகும். மீனின் பின்பக்கம் சிவப்பு நூல் மாதிரி தொங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உறைய வைத்தால் இப்படிப்பட்ட ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் செத்துவிடும்.

பிளட் வார்மும் அழுக்குத் தண்ணீரில் வளர்வதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் எப்போதும் ஆர்ட்டீமியாவை முதலில் சொல்கிறேன். அது உப்புத் தண்ணீரில் வளர்வது, நன்னீர் மீனைப் பிடிக்கிற ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் அங்கே பிழைக்காது. நெல்லைக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடி உப்பளங்களில் இருக்கிற உயிரிதான் அது.

"உறைய வைத்தால் சத்து போய்விடும்." கொஞ்சம் போகும். அதற்காக யார் அதை மட்டுமே போடச் சொன்னது? தினசரித் தீனி நல்ல பெல்லட்டாக (உலர்ந்த உருண்டைத் தீனி) இருக்கட்டும், ஃப்ரோசன் வாரத்தில் சில நாள் போதும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த, பாசி தின்கிற மீன்களுக்கு பிளட் வார்மே வேண்டாம். விலை அதிகம் என்கிறீர்கள், அதிகம்தான். டிஸ்கஸ் வாங்கும்போது விலை உறுத்தவில்லையே.

முறையும் பெரிய வித்தை இல்லை. உறைந்த தீனியில் ஒரு க்யூபை ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் கரைய விட்டு, சிறு வலையில் வடிகட்டி, அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சில நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குப் போடுங்கள். மிஞ்சினால் உடனே உறிஞ்சி எடுங்கள். சிலருக்கு பிளட் வார்மைத் தொட்டால் அரிக்கும், மூச்சுக்கூட இழுக்கும், அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அந்தப் பதிவின் கீழேயே பொறுமையாக எழுதினேன். அதற்குக் கிடைத்த பதில், "எந்தக் கம்பெனி கமிஷன் கொடுக்குது?" எழுதியவர் என் வீட்டுக்கு வந்து, என் தொட்டிக் குஞ்சுகளை இலவசமாக வாங்கிப் போனவர். அதற்கு லைக் போட்டவர்களில் நள்ளிரவில் மீன் மூச்சுவாங்குகிறது என்று என்னை எழுப்பியவர்களும் உண்டு. யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை, யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதும் இல்லை. உண்மையாகவே வலித்தது.

என் வலி இருக்கட்டும். ஒரு புதுப் பையன் காசு சேர்த்து, ஆசையாய் மீன் வாங்கி, செத்ததும் ஓடிவந்து கேட்கிறான். அவனைப் பழித்துத்தான் நம் அனுபவத்தைக் காட்ட வேண்டுமா? இப்படிச் செய்தால் அடுத்த முறை எவன் கேட்பான்? கேட்காமல் மீனைத்தான் கொல்வான். சத்தமாக எழுதியவர்களில் ஒருவராவது "அம்மோனியா பார்த்தியா தம்பி?" என்று கேட்டீர்களா? மறுபடி போய்ப் படிக்கலாம் என்றால் பதிவும் இல்லை.

தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடு. தரையில் கிடப்பதை உறிஞ்சி எடுத்து, இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே சூட்டில் இருக்கட்டும். ஏர் பம்ப்பைக் கூட்டி வை. இரண்டு நாள் தீனி வேண்டாம். தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து எனக்கு இன்பாக்ஸில் எழுது, எந்த நேரமானாலும் பரவாயில்லை.