கரை அமைதியா இருந்தா கடல் அமைதின்னு அர்த்தம் இல்லை

எந்த வீடியோன்னு நான் சொல்லத் தேவையில்லை, நேத்திலிருந்து எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடுது. முன்னாடி மணல்ல ஏத்திக் கட்டின ஃபைபர் படகுகள், பின்னாடி தட்டையா ஒரு கடல். "புயல் போய் மூணு நாளாச்சு, வெயில் அடிக்குது, கடல் குளம் மாதிரி கிடக்கு, மீனவங்க ஒருத்தரும் தொழிலுக்குப் போகலை, நிவாரணத்துக்குக் காத்திருக்காங்க" என்று வீடியோ எடுத்த தம்பி பேசுறார். கீழே நூத்துக்கணக்கில் கைதட்டல். அதில் என் நட்புப் பட்டியலில் இருக்கிறவர்களும் இருக்கீங்க. அதனால்தான் எழுதுறேன்.

கரை அமைதியா இருந்தா கடல் அமைதின்னு அர்த்தம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் மனசில் வாங்கிக்கிட்டு மிச்சத்தைப் படிங்க.

அந்தத் தண்ணி ஏன் தட்டையா இருந்துச்சு? நம்ம கிழக்குக் கரையில் புயல் நமக்கு வடக்கே கரையேறினால், நம்ம ஊரில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். இதைத்தான் கச்சான்னு சொல்வாங்க. இந்த நிலத்துக் காற்று கரையோரத் தண்ணியைத் தடவி விட்ட மாதிரி ஆக்கிடும், ஏன்னா அங்கே அலை எழும்புறதுக்குத் தூரமே கிடைக்கலை. வெளியே போகப் போகத்தான் அதே காற்று அலையைக் கிளப்பும். கரையில் நின்னு செல்போன் பிடிக்கிறவர் கண்ணுக்குக் குளம், மூணு நாலு பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறடி) தாண்டினா வேற கடல். இதில் இன்ஜின் நின்னுட்டா படகு கரைக்கு ஒதுங்காது, காற்று வெளியே தள்ளிக்கிட்டே போகும். கடலிலிருந்து அடிக்கிற கொண்டல் காற்றில் இன்ஜின் நின்னா கரையில் வந்து மோதுவோம், கச்சானில் காணாமல் போவோம். கடலுக்குப் போறவங்க எதுக்கு அதிகம் பயப்படுவாங்கன்னு இப்போ புரியுதா?

இன்னொன்று, வீடியோவில் தெரியவே தெரியாதது. காற்று விழுந்த பிறகும் புயல் கிளப்பிய நீள அலை நாள்கணக்கில் வந்துக்கிட்டே இருக்கும். சாதாரணக் காற்றலை 6 விநாடிக்கு ஒன்று வந்தால் ஆழ்கடலில் அதன் நீளம் ஏறக்குறைய 56 மீட்டர். 12 விநாடிக்கு ஒன்று வரும் அலைக்கு நீளம் 225 மீட்டருக்குப் பக்கம். ஒரு மீட்டர் உயரத்தை அவ்வளவு நீளத்தில் பரப்பினால் மேடு பள்ளம் கண்ணுக்கு எங்கே தெரியும்? ஆனால் அது ஆழம் குறைஞ்ச இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து எழும்பும். அலை தன் உயரத்தைப் போல ஒண்ணேகால், ஒண்ணரை மடங்கு ஆழத்துக்கு வந்தா உடையும். அந்த இடம் எது? ஆறு கடலில் சேருற முகத்துவாரம், படகு வெளியே போற வழி.

புயலுக்கு அப்புறம் முகத்துவாரம் பழைய முகத்துவாரமா இருக்காது. ஆத்து வெள்ளம் ஒரு பக்கம் மணலை வெட்டும், அலை இன்னொரு பக்கம் கொட்டும். இடுப்பளவு ஆழம் இருந்த வழி முழங்கால் அளவாகிடும். புது வழி எங்கே விழுந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்கு வற்றுநேரத்தில் அரைமணி, முக்கால் மணி நேரம் கரையில் நின்னு, அலை எங்கே உடையுது, எங்கே உடையாமல் கருப்பா ஓடுதுன்னு பார்ப்பாங்க. பெரிய அலைகள் கூட்டமா வரும், நடுவில் ஓய்வு விடும். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போனவன் ஓய்வை மட்டும் பார்த்துட்டுப் போனவன். பழையாறு, பழவேற்காடு மாதிரி முகத்துவாரத்து ஊர்ப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்க. உடையுற அலை படகைப் பக்கவாட்டில் பிடிச்சா, 30 அடி ஃபைபர் படகு ஒரே புரட்டு. அந்தப் படகுகளுக்கு முன்னாடி நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டு கடலைப் பார்த்து நிக்கிறாங்களே, அதைத்தான் அந்தத் தம்பி "சும்மா நிக்கிறாங்க"ன்னு சொல்றார்.

"அண்ணே, போன்ல பார்த்தா அலை ஒண்ணரை மீட்டர்னுதானே காட்டுது?" காட்டும். அது எல்லா அலைக்கும் உயரம் இல்லை, எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒண்ணரைன்னு போட்டிருந்தா நடுவில் மூணு மீட்டருக்கு ஒன்று வரலாம். அதுவும் வெளிக்கடலுக்குச் சொன்னது, உங்க ஊர் முகத்துவாரத்துக்கு இல்லை. அலை நிலவரம் சொல்ற, ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் இடத்தையும் சொல்லுது, அதை நம்பி எத்தனையோ பேர் டீசல் மிச்சம் பிடிக்கிறாங்க. ஆனால் அது செயற்கைக்கோள் பார்க்கிற கடல் வெப்பத்தையும் நிறத்தையும் வச்சுச் சொல்றது. மேகம் மூடியிருந்தா பார்க்க முடியாது. புயல் சமயத்தில் மேகம்தானே மூடியிருக்கும்?

"பக்கத்து ஊர்ல சில படகு போய் இறால் அள்ளிட்டு வந்துச்சே?" வந்துச்சு, நான் மறுக்கலை. வெள்ளம் கழிமுகத்து இறாலை வெளியே தள்ளும், கலங்கல் தண்ணியில் வெள்ளை இறால் கரையோரமா நல்லாவே படும். மடவையும் கெளுத்தியும் கிடைக்கும். இறால் பிடிக்கிற டிஸ்கோ வலை சேதமாகாம வச்சிருந்து, வழியும் தெரிஞ்சவன் போனான். வஞ்சிரம் வலையும் தூண்டிலும் வச்சிருக்கிறவன் அங்கே போய் என்ன செய்வான்? வஞ்சிரம் கண்ணால் பார்த்து வேட்டையாடுற மீன், செம்மண் தண்ணியை விட்டு விலகிடும். கலங்கல் எங்கே முடியுதோ அது வரைக்கும் ஓடணும், அவ்வளவு எண்ணெய் செலவாகும். அந்த வழி முழுக்க சவுக்குக் கட்டை, தென்னை மட்டை, ஆத்தில் அடிச்சு வந்த ஆகாயத்தாமரை. ஊறின கட்டை தண்ணி மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவில் மிதக்கும், இருட்டில் தெரியாது. புரொப்பெல்லர் அதில் அடிச்சா, கியரைக் காப்பாத்துறதுக்குன்னே வச்சிருக்கிற ஷியர் பின் உடையும். பின் உடைஞ்சா உங்க நல்ல நேரம், உடையலைன்னா கியர் போச்சு.

சரி, கடலை விடுங்க. கரையில் "சும்மா" என்ன நடக்குதுன்னு பாருங்க. மணலில் புதைஞ்ச ஒரு நரம்பு வலை. சவுக்கு வேர் ஒன்று அதுக்குள்ளே நுழைஞ்சு திருகிக் கிடக்கு. இழுத்தா கண்ணியின் முடிச்சு நழுவும், அந்த இடம் அப்புறம் மீனைப் பிடிக்காது. அதனால் வேரைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு கண்ணியா எடுத்து, மேல்கயிற்றையும் கீழ்கயிற்றையும் பிரிச்சு, மிதவை எத்தனை மிச்சம், ஈயக்குண்டு எத்தனை மிச்சம்னு எண்ணி, நல்ல தண்ணியில் அலசி, நிழலில் காயப்போட்டு, அதுக்கப்புறம்தான் பொத்த ஆரம்பிக்கணும். ஒரு துண்டு வலைக்கே ஒரு பகல் போயிடும்.

இன்ஜின் மூழ்கியிருந்தா கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணி இருக்கும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கிற மாதிரி சாய்ச்சு, ஃப்ளைவீலைக் கையால் சுத்தித் தண்ணியை வெளியேத்தணும். நல்ல தண்ணியில் கழுவி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடிச்சு, எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கின தண்ணியையும் எடுக்கணும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா மாத்தணும். மெக்கானிக் கிடைக்க நாளாகும்னா, நல்ல தண்ணி டிரம்முக்குள்ளேயே முக்கி வைப்பாங்க. உப்போடு காற்று பட்டாத்தான் பேரிங் துருப்பிடிக்கும். படகில் கீறல் இருந்தா அதுவும் காயணும். ஈரத்து மேல ரெசின் பிடிக்காது, ரெண்டு நாள்ல பேந்துடும்.

இப்போ அந்த நிவாரணப் பேச்சு. அதிகாரிங்க சேதம் கணக்கெடுக்க வரும்போது சேதம் கண்ணுக்குத் தெரியணும். பார்க்கிறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு ஒட்டிட்டா "உங்க படகுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பாங்க. ஒட்டாமல் வச்சிருந்தா நீங்க "காத்திருக்கான்" என்பீங்க. எப்படித்தான் இருக்கச் சொல்றீங்க?

எனக்கு வலிக்கிறது இதுதான். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அப்போ "எச்சரிக்கையை மீறி ஏன் போனாங்க?"ன்னு கேட்டீங்க. நாள்கணக்கில் நடுக்கடலில் கிடந்தவனுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லைன்னு அவங்க கத்தினது உங்க காதில் விழலை. இன்னைக்கு முகத்துவாரத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, போகலைன்னு முடிவெடுத்தா "ஏன் போகலை?"ன்னு கேட்கிறீங்க. போனாலும் குத்தம், நின்னாலும் குத்தம்.

இந்தத் தொழிலில் மாசச் சம்பளம் கிடையாது. பிடிச்ச மீனை வித்து, எண்ணெய்க்கும் ஐஸுக்கும் கழிச்சு, படகுக்கும் வலைக்கும் பங்கு எடுத்த பிறகு மிச்சம்தான் ஆளுக்கு. கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு இல்லை. மூணு நாள் கரையில் நிக்கிறவன் வீட்டில் மூணு நாளா வருமானம் இல்லை. விரும்பி யாரும் அங்கே நிக்கலை.

தம்பி, நீங்க அந்த ஊருக்கு மறுபடி போங்க, விடியறதுக்கு முன்னாடி போங்க. முகத்துவாரத்துப் பக்கம் நிக்கிற பெரியவர் யாரையாவது "ஐயா, இன்னைக்கு ஏன் படகைத் தள்ளலை?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற பதிலை வெட்டாம அப்படியே போடுங்க, நான் பகிர்றேன்.