இது ஆற்ற ஃபோன் நம்பர் பிள்ளை?

பிரதம விருந்தினர் ஒரு பிள்ளையின்ர கணக்கு மட்டையைப் பாத்து இப்பிடிக் கேட்ட அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீங்கோ. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளின்ர கண்காட்சி நடந்த அந்த மண்டபத்திலதான் நானும் நிண்டனான்.

பகிடி எனக்கும் விளங்கினது. 4294967297. பத்து இலக்கம், பாத்தா ஃபோன் நம்பர்தான். எல்லாரும் சிரிச்சீங்கள். அதுக்குப் பிறகு "இதால என்ன பிரயோசனம் மகள்?" எண்டாரே பிரதம விருந்தினர், அதுதான் எனக்குக் கொதி. பக்கத்து மேசை டெங்கு நுளம்பிட்ட ஒருத்தரும் பிரயோசனம் கேக்கேல்ல.

அவள் மட்டையில எழுதினதை ஒராளாவது வாசிச்சனீங்களோ? 2இன் வலுவை, அதாவது எத்தனை 2ஐப் பெருக்கிறது எண்டதை, 1, 2, 4, 8, 16 எண்டு இரட்டிச்சு, வாற ஒவ்வொரு விடையோடயும் ஒண்டைக் கூட்டினா 3, 5, 17, 257, 65537. அவ்வளவும் முதன்மை எண், ஒண்டாலயும் தன்னாலயும் மட்டும்தான் மீதியில்லாமப் பிரிபடும். அடுத்த 32ஆம் வலுவில வாறதுதான் உங்கட 'ஃபோன் நம்பர்'. அதுவும் முதன்மை எண்தான் எண்டு 1640இல ஃபெர்மா எண்ட பிரெஞ்சுக் கணித மேதை நம்பினார். ஆள் லேசுப்பட்ட ஆளில்லை. 1732இல ஒயிலர் எண்ட இன்னொரு கணித மேதை அதை 641ஆல பிரிச்சார். விடை 6700417, மீதி இல்லை. குருட்டுவாக்கில பிரிக்கத் தேவையுமில்லை. இதுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தா, அதை 64ஆல பிரிக்க மீதி 1 வரோணும். அப்பிடியான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவதிலயே அம்பிட்டுது!

"டீச்சர், அவர் நல்ல மனுசன், பிள்ளையளுக்குக் கொப்பி குடுத்தவர்" எண்டு இன்பொக்ஸில வாறீங்கள். குடுத்தவர்தான். அந்தக் கொப்பியில என்ன எழுதலாம் எண்டும் அவரையே கேக்கோணுமோ?

பிரயோசனம்தானே வேணும்? நீங்கள் ஃபோனில காசு அனுப்பேக்க அதைக் களவு போகாமல் பூட்டுற கணக்கில 65537 கனக்க இடத்தில இருக்கு. ...பாத்தீங்களோ, நானும் கடைசியில பிரயோசனம் சொல்ல வெளிக்கிட்டுட்டன். இதைச் சொல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு மரியாதை இல்லையாக்கும்.

90இல இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க கொப்பியும் இல்லை, பென்சிலும் இல்லை. அப்பா ஈர்க்கால மணலில இதே எண்ணை எழுதி, 641ஆல பிரி எண்டார். ரெண்டு தரம் பிழைச்சுது. காலால அழிச்சு அழிச்சுத் திரும்பச் செய்தன். "மீதி வராது, பயப்பிடாமப் பிரி" எண்டு பக்கத்திலயே குந்தியிருந்தார். வீடு என்னாச்செண்டு தெரியாத கிழமை அது. அந்த மனுசனிட்டயும் போய்ப் பிரயோசனம் கேளுங்கோ.

சின்ன விசயத்தைப் பெருசாக்கிறனாம். இருக்கட்டும். எனக்கு வேற வேலையில்லையாம், அதுவும் இருக்கட்டும். கூட்டம் முடிய அவள் அந்த மட்டையைச் சுருட்டிக் குப்பைவாளிக்குப் பக்கத்தில வைச்சிட்டுப் போனவள். எடுத்துக்கொண்டு வந்து விறாந்தையில வைச்சிருக்கிறன். திருகோணமலையில உவர்மலைப் பக்கம் வந்தா வந்து பாருங்கோ, 641இல 4 கொஞ்சம் கோணல்.

நேற்றுக் கேட்டன். அடுத்த வருசம் டெங்குதான் செய்யப்போறாளாம்.