ஹார்மோன் எடுத்தாலே புற்றுநோய் என்பது சரியல்ல

"மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் நிச்சயம், கர்ப்பப்பை எடுத்தவங்களும் தொடாதீங்க" என்று மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அது தவறு. இந்தப் பயம் 2002-ல் வந்த அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயதே 63. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் செயற்கை புரோஜெஸ்டினும் எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்குச் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு அந்த அபாயம் அதிகரிக்கவே இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் அதன் உள்சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதனால் சவ்வைத் தடிக்க விடாத புரோஜெஸ்டிரோனும் வேண்டும்: வழக்கமாக தினமும் இரவில் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12–14 நாள் 200 மி.கி. பக்கத்து வீட்டு அக்காவின் மருந்துச்சீட்டைக் காட்டி வாங்கவே வாங்காதீங்க!

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குவது நல்லது. ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை.

சென்னை வெயிலில் யாருக்கும் வேர்க்கும். ஏசி போட்டும் நள்ளிரவில் நைட்டி நனைந்து எழுந்தால் அது மாதவிடாய் நிற்பதால் வரும் வேர்வையாக இருக்கலாம்; மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. தைராய்டு கோளாறாலும் இப்படி வேர்க்கலாம் என்பதால் அந்தப் பரிசோதனையும் கேளுங்க.