மெதுவான நடைக்கு எடை மட்டுமா காரணம்?
டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ள பெரியவர்கள் மெதுவாக நடப்பதற்கு உடல் எடைதான் காரணம் என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். ஒல்லியான உடம்பு, ஆனாலும் நடை மெதுவாகத்தான் இருக்கும். எடைக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்திருப்பது, தசை இறுக்கம் குறைவு, தட்டைப் பாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பேச முடியுமா? பலர் காலை அகட்டி, சின்னச் சின்ன அடியாக, உடம்பு பக்கவாட்டில் அசைய நடக்கிறார்கள்; ஒரு அடி போல மறு அடி இருக்காது. சமநிலையைக் காப்பாற்றவே கொஞ்சம் சக்தி போய்விடுகிறது. அதனால் அதே வேகத்தில் நடக்க மற்றவர்களைவிட அதிக ஆக்சிஜன் செலவாகிறது. வேகம் கூடக்கூட அந்த வித்தியாசமும் பெருகுகிறது. இதை எப்படிச் சோம்பல் என்று சொல்வது? மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்து வேகத்தைக் கூட்டுங்கள் என்கிறார். உச்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு 30 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 190 என்று காட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உச்சத் துடிப்பு அதைவிட நன்றாகவே குறைவு. அந்த இலக்கைத் துரத்த வைத்தால் ஆள் களைத்துப்போவதுதான் மிச்சம். அப்புறம், நன்றாக நடந்தவர் திடீரென்று தடுமாற ஆரம்பித்தால் வயதாகிவிட்டது என்று விடாதீர்கள், கழுத்துப் பகுதி முதுகெலும்பையும் தைராய்டையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.