ஃபிலிம் ரிப்பை நேராக்காது
தம்பி, மாதிரி விமான இறக்கையின் ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் மெல்லிய குறுக்குப் பலகை), அதன்மேல் போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிம் பற்றி, ‘ரிப் சரிந்து ஒட்டிவிட்டால் கவலை வேண்டாம், ஃபிலிமை அயன் பண்ணும்போது அதுவே இழுத்து நேராக்கிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. ஃபிலிம் சூட்டில் சுருங்கும், அவ்வளவுதான். எது நேர் என்று அதற்குத் தெரியாது, 1.5 மில்லிமீட்டர் பல்சா (மிக இலேசான மரம்) ரிப் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் இன்னும் வளைத்துவிடும். ஒட்டிய இடத்தை பிளேட்டால் மெதுவாக அறுத்து, மூலைமட்டம் வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். உயரம் மட்டும் கூடக்குறைய இருந்தால் வேறு கதை: பதிந்துபோன ரிப்பின் மேல் மெல்லிய பல்சாப் பட்டி ஒட்டி, நீளமான கட்டையில் அரத்தாளைச் சுற்றி, மூன்று நான்கு ரிப்புகளுக்குக் குறுக்காக ஒன்றாகத் தேய்க்க வேண்டும். அப்புறம், வெள்ளவத்தைக் கடற்காற்றில் வெள்ளைப் பசை காய நேரமெடுக்கும். நான் அவசரப்பட்டு, ரிப்புகளைப் பிடித்திருந்த ஊசிகளை இரவே கழற்றினேன், விடியப் பார்த்தால் ஒரு ரிப் சரிந்து கிடந்தது.