அந்த ஆள் முன்னால இருந்தா சொல்லுவியா?

உள்ளூராட்சித் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வன்னியில், எங்கள் வாசிகசாலை முற்றத்தில் ஒரு கூட்டம் நடந்தது. 2025 மே 6 வாக்களிப்பு. இது ஏப்ரல் கடைசி. பின்னேரம் ஐந்து மணிக்கும் புழுக்கம் அடங்கவில்லை. நாற்பது பிளாஸ்ரிக் கதிரை, ஒரு ஒலிபெருக்கி, பிளேன்ரீ, பணிஸ். வந்தது முப்பது பேர் இருக்கும். அதில் பத்துப் பேர் பணிசுக்காக வந்த சின்னப் பிள்ளைகள்.

வேட்பாளர் எங்கள் ஊர்ப் பெடியன்தான். நாற்பத்தைந்து வயதுப் பெடியன். முதல் பத்து நிமிசம் நன்றாகத்தான் கதைத்தார். குளத்து வீதி மதகு உடைந்து மூன்று மாரி போய்விட்டது என்றார், உண்மை. யானை வேலிக் கம்பி கரண்ட் இல்லாமல் உடுப்புக் காயப்போடும் கொடியாகக் கிடக்கிறது என்றார், அதுவும் உண்மை. (யானை வேலிக்கும் பிரதேச சபைக்கும் என்ன தொடர்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.) ஆனால் கைதட்டல் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் வட்டாரத்தில் அவரை எதிர்த்துத் தேர்தல் கேட்கிற அக்காவைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

"ஆமிச் சம்பளத்தில சாப்பிட்டவ, இண்டைக்கு உங்களிட்ட வோட்டுக் கேட்டு வாறா!"

கைதட்டல் வந்தது. சிரிப்பும் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நானும் சிரித்தேன்.

வெளியூர் ஆக்களுக்கு இது விளங்காது. யுத்தம் முடிந்த பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் நிறையப் பேருக்கு வேலை கொடுத்தது. அந்தத் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. வேலைக்குப் போனவர்களில் பலர் முன்னாள் போராளிகளாக இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர்கள், புருசனைப் பறிகொடுத்தவர்கள். மற்ற முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்த கொடுப்பனவை விட அந்தச் சம்பளம் பல மடங்கு. அக்கா அப்படிப் போனவர். இரண்டு பிள்ளைகள், தகரக் கொட்டில், கையில் ஒன்றும் இல்லை. போனார்.

முன்பள்ளி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கக் கூடாது என்று நானும் சண்டை பிடித்தவன்தான். இன்றைக்கும் அதே நிலைப்பாடுதான். அந்த மேடையில் நின்று "இந்தத் திட்டம் பிழை, முன்பள்ளி கல்வித் திணைக்களத்திடம் வர வேண்டும், அக்கா இதுக்கு என்ன சொல்றா?" என்று அவர் கேட்டிருந்தால் நான் எழும்பி நின்று கைதட்டியிருப்பேன். அவர் திட்டத்தை விட்டுவிட்டு அவவின் சோற்றுக் கோப்பையில் கை வைத்தார்.

முன் வரிசையில் அவருடைய மகள் இருந்தாள். எட்டாம் வகுப்பு. அந்த அக்காவிடம்தான் 'அ' எழுதப் பழகினவள். எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் படித்தவர்கள். தகப்பன் அந்த வசனத்தைச் சொன்னபோது அவள் பணிசின் மேல் ஒட்டியிருந்த சீனியை ஒவ்வொன்றாக நகத்தால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடியும் வரைக்கும் அந்தப் பணிஸ் அப்படியே கையில் இருந்தது.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது மாகாண சபைத் தேர்தல் வரும் என்று திரும்பவும் கதை அடிபடுவதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "நாகரிக அரசியல் வேண்டும், தனிப்பட்ட தாக்குதல் கூடாது" என்று வெள்ளை வேட்டியோடு பேட்டி கொடுப்பவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. கேள்வி கேட்டால் தப்புவதற்குப் பாதிப் பேர் பிடிக்கிற குடை அது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் நேரம் வடக்கு முழுக்க ஒரே கேள்வி: மதுபானசாலை அனுமதிப்பத்திரத்துக்குச் சிபாரிசு செய்தது யார்? கேட்டவுடனே "என் மேல் சேறு பூசுகிறார்கள்" என்றார்கள். சேறு இல்லை ஐயா அது. மக்கள் தந்த பதவியை வைத்து என்ன கையெழுத்துப் போட்டாய் என்பது என் கேள்வி, உன் வீட்டு விசயம் இல்லை. அனுமதிப்பத்திரப் பட்டியல் தேர்தல் முடிந்து டிசம்பரில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதுவரைக்கும் பெயர் சொல்லாமல் 'ஒருவர்', 'அவர்', 'உங்களுக்கே தெரியும்' என்று கிசுகிசு ஓடியது. கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்காமல் கிசுகிசுவாக ஆக்கியதால், சிபாரிசு செய்தவரும் செய்யாதவரும் ஒரே வண்டிலில் ஏற்றப்பட்டார்கள்.

வீட்டு விசயம் எல்லாமே தொடக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. மனுசியைப் போட்டு அடிக்கிறவன், பொலிசில் முறைப்பாடு இருக்கிறவன், பெண்கள் பாதுகாப்புப் பற்றிக் கதைக்க வந்தால் எனக்கு அது தெரிய வேண்டும். சங்கக் காசைச் சுருட்டினவன் பிரதேச சபைக்கு வர நின்றால் அதுவும் தெரிய வேண்டும். அப்ப கோடு எங்கே கீறுவது?

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். படித்தவர்கள் யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஆள் உனக்கு முன்னால் கதிரையில் இருந்தால், இதே சொல்லை, இதே குரலில் சொல்லுவியா? கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இந்த ஐம்பதாயிரம் எங்கே?" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். "ஆமிச் சம்பளத்தில சாப்பிட்டவ" என்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியாது. பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப் போன காலம் முழுக்க "ரீச்சர், ரீச்சர்" என்று நின்று கதைத்த ஆள்.

வன்னியில் இது மற்ற இடம் போல இல்லை. வேறு ஊரில் தனிப்பட்ட தாக்குதல் என்றால் கள்ளக் காதல், கடன், குடி என்று போகும். இங்கே ஒருவரைத் தாக்க வேண்டுமென்றால் கை நேரே யுத்தம் முடிந்த 2009க்குத்தான் போகும். எப்படி உயிரோடு வந்தாய்? எந்தப் பக்கத்தால் வந்தாய்? முகாமில் யாரோடு கதைத்தாய்? கிட்டத்தட்ட மூன்று லட்சம் சனம் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது, அதில் பாதியைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கதையைப் பிடுங்கி மைக்கில் ஊதினால் பதில் சொல்ல யாராலும் முடியாது. சாட்சி இல்லை, பத்திரம் இல்லை. பார்த்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

இதே தேர்தலில் பக்கத்து வட்டாரத்தில் நடந்தது. இரண்டு பேரும் கமக்காரர். ஒரே குளம், ஒரே வாய்க்கால், வயல் இரண்டும் வரம்போடு வரம்பு. ஒருவருக்கு ஆதரவான ஆக்கள் மற்றவரை "முகாமில தலையாட்டினவன்" என்று பரப்பிவிட்டார்கள். தலையாட்டி என்றால் என்னவென்று இங்கே பிறந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. முகத்தை மூடிக்கொண்டு நின்று, வரிசையில் வருகிறவனைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், அந்த ஆள் திரும்பி வரமாட்டான். இப்படி ஒரு சொல்லை ஒருவன் மேல் எறிந்துவிட்டு, தேர்தல் முடிந்தால் சரிவரும் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தோற்றார்கள். சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தபோது முறை வைக்க வேண்டும். இவர் வாய்க்காலில் நின்றால் அவர் வரமாட்டார், அவர் வந்தால் இவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். முறைத் தண்ணி பிந்திக் கடைசி வயல்காரருக்குப் பயிர் வாடியது. அந்தக் கடைசி வயல் அரசியலே தெரியாத ஒரு கிழவருடையது.

துரோகி, தலையாட்டி, கூலி. இந்தச் சொற்களுக்கு எங்களிடம் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1975 யூலை 27 இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவைச் சுட்டுக் கொன்றபோது, 'துரோகி' மேடைகளில் பழகிப்போன சொல்லாக இருந்தது. பதினான்கு வருசத்தில், 1989 யூலை 13 இல், கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கத்தையே அதே பெயர் சொல்லிக் கொன்றார்கள். யார் சரி, யார் பிழை என்ற கணக்கை நான் இங்கே பார்க்க வரவில்லை. மேடையில் கைதட்டலுக்காகச் சொல்கிற சொல் மேடையோடு நிற்காது என்று இவ்வளவு பட்ட பிறகும் அதே சொல்லை ஒரு வட்டார உறுப்பினர் பதவிக்காகத் தூக்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1981 பாராளுமன்றத் தேர்தல் சட்டப்படி, வெற்றியைப் பாதிக்கும் நோக்கோடு வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ பொய்யான தகவலைப் பரப்புவது ஊழல் நடவடிக்கை. வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் நீதிமன்றம் ஏறி நிரூபிக்க வேண்டும். இரண்டு ஏக்கர் வயல்காரன் அப்புக்காத்துக்கு எங்கே போவான்? வழக்கு முடிய முதல் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

அதை விட வேகமாக ஓடுவது பொய். 2013 செப்டெம்பர் 21 வட மாகாண சபைத் தேர்தல் நினைவிருக்கிறதா? அன்று விடிய உதயன் பத்திரிகை மாதிரியே அச்சடித்த ஒரு போலிப் பேப்பர் சுற்றியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் போய்விட்டார் என்று தலைப்பு. அதுக்கு முதல் நாள்தான் அவருடைய வீட்டைத் தாக்கியிருந்தார்கள். அவர் எண்பதாயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு (கட்சிக்குப் போட்ட பிறகு பட்டியலில் ஆளுக்குப் போடுகிற வாக்கு) எடுத்து வென்றார், அது வேறு கதை. அப்போது ஒரு பொய்க்கு அச்சகம் வேண்டும், பேப்பர் வேண்டும், விடியப் புறம் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட ஆள் வேண்டும். இப்போது ஒரு குரல் பதிவு போதும். பிரசாரம் ஓய்ந்து அமைதிக் காலம் தொடங்கிய பிறகுதான் வட்ஸ்அப்பில் அது வரும். பதில் சொல்ல, அந்தப் பதிவில் பேர் அடிபட்டவருக்கு மேடை இல்லை. சொன்னால் சட்டத்தை மீறியவர் அவர்தான்.

பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்று சட்டம் வந்ததால், கட்சிகள் வீடு வீடாகப் போய் "அக்கா, பேரைத் தாங்கோ" என்று கெஞ்சின. பெயர் கொடுத்தவுடனே ஆரம்பித்தது: புருசன் எங்கே, இரவில் யாரோடு கூட்டத்துக்குப் போகிறாள், யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள். 1960 இல் சிறிமாவோவை 'அழுகிற விதவை' என்று நக்கலடித்தார்கள். அவர் உலகத்தின் முதல் பெண் பிரதமர் ஆனார். இங்கே எங்கள் ஊரில் புருசன் இல்லாத பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பகிடியைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெளியில் பெரிதாகக் கதைக்காத விசயம். எதிர்க்கட்சிக்காரன் சொல்வது பாதிதான், மிச்சம் சொந்த வீட்டிலிருந்து வருகிறது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம், ஒரு பட்டியலில் ஒன்பது பேர். 2024 இல் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நாலு ஆசனமும் நாலு அணிக்கு ஒவ்வொன்று. அதாவது ஒரு கட்சியில் ஒன்பது பேர் ஓடி ஒருவர்தான் உள்ளே. அந்த ஒருவரை விருப்பு வாக்குத்தான் தீர்மானிக்கும். பக்கத்தில் நின்று போஸ்டருக்குச் சிரிக்கிறவன்தான் உன் உண்மையான எதிரி. உன் வீட்டுக் கதை அவனுக்குத்தானே தெரியும்! அவன் மேடையில் சொல்ல மாட்டான், தேத்தண்ணிக் கடையில் விடுவான். இந்த முறை இருக்கும் வரைக்கும் ஒழுக்கக் கோவை எத்தனை கையெழுத்துப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பது என் எண்ணம். என்ன முறை வர வேண்டும் என்பது இன்னொரு பதிவு.

எங்கள் வட்டாரத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவரும் வெல்லவில்லை, அக்காவும் வெல்லவில்லை. மூன்றாவது ஆள் வென்றார். அவர் எங்கள் முற்றத்தில் கூட்டமே வைக்கவில்லை, வீடு வீடாகப் போய் ஐந்து நிமிசம் நின்று கதைத்துவிட்டுப் போனார். மதகு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் வாசிகசாலை நிர்வாகக் கூட்டத்தில் நான் ஒரு பிரேரணை வைத்தேன். இனி எங்கள் முற்றத்தில் யார் தேர்தல் கூட்டம் வைத்தாலும், முன் வரிசையில் ஒரு கதிரை எதிர்த்துக் கேட்கிற ஆளுக்கு. வந்தால் இருக்கட்டும், வராவிட்டால் கதிரை வெறுமையாக இருக்கட்டும். பேசுகிறவர் அந்தக் கதிரையைப் பார்த்துப் பேசட்டும். தலைவர் யோசித்தார். செயலாளர், "அடிபாடு வந்தா ஆர் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. அரை மணித்தியாலம் இழுபட்டது.

அந்த வேட்பாளரும் நிர்வாகத்தில் இருக்கிறார். அதுவரை ஒன்றும் கதைக்காமல் இருந்தவர், "கதிரையைப் போடுங்கோ" என்றார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஐந்துக்கு நாலு என்று நிறைவேறியது.

பொருளாளர் மட்டும் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார். எதிராளி வந்தால் அவருக்குரிய பிளேன்ரீயும் பணிசும் யாருடைய கணக்கில் போடுவது?

அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.