கைதட்டல் லூகாவுக்குப் போயிருக்க வேண்டும்

கணக்குப் பிடித்தவர்கள் கோல் கதையை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். 1903 அக்டோபர், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய், வாயே திறக்காமல், 2-இன் 67-ஆம் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழித்தாராம்: 147573952589676412927. பக்கத்திலேயே 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டினாராம். இரண்டு விடையும் ஒன்று. அரங்கம் கைதட்டியது, அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல கதைதான். ஆனால் அந்த எண் பகு எண் என்பது 1876-லேயே தெரிந்த விஷயம். கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்ட் லூகா. அப்போது அவர் கையில் ஒரு காரணிகூட இல்லை! எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

பகுபதம் என்று ஒரு சொல்லைச் சொன்னால், பகுதி எது, விகுதி எது என்று பிரித்துக் காட்டச் சொல்வார்கள். பிரிக்கத் தெரியாமல் பகுபதம் என்று அடித்துச் சொன்னால் சிரிப்பார்கள். பள்ளிக் கணக்கும் பகு எண்ணை இப்படித்தான் சொல்லித் தருகிறது: எதால் வகுபடும், காட்டு. எண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

91-ஐ எடுங்கள். பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096. 91-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 84-ஆம் அடுக்குக்கும் மீதி 1. இன்னும் ஆறு அடுக்கு ஏறினால் 90-ஆம் அடுக்கு, மீதி 64. ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிப்படி, 91 பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைந்த 90-ஆம் அடுக்கின் மீதி 1 ஆகத்தான் இருக்க வேண்டும். இல்லை. கதை முடிந்தது. 7-உம் 13-உம் இந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை, கவனித்தீர்களா?

மறுபக்கம் நம்பக் கூடாது. மீதி 1 வந்தாலே பகா எண் என்று சொல்ல முடியாது. 341 அப்படி ஏமாற்றும். 561-உம் 1729-உம் இன்னும் மோசம்: தங்களோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் வேஷம் போடும். (ராமானுஜனின் டாக்சியில் வந்த அதே 1729தான். அதற்கு இந்தப் போக்கிரித்தனமும் உண்டு.) ஆனால் சோதனையில் தோற்ற எண் தோற்றதுதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இதையே பெரிதாக்கினால் மிரட்டும். 2-இன் 1,67,77,216-ஆம் அடுக்கோடு 1 சேர்த்தால் வருவது 24-ஆம் ஃபெர்மா எண் (1,67,77,216 என்பதே 2-இன் 24-ஆம் அடுக்கு, பெயரில் உள்ள 24 அதுதான்). 50,50,446 இலக்கங்கள். திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி மீதி எடுக்கும் வேறொரு சோதனையால் 1999-இல் அதைப் பகு எண் என்று நிரூபித்தார்கள். வர்க்கப்படுத்தியது ஏறத்தாழ ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் முறை. காரணி? ஒன்றுகூடத் தெரியாது. 14-ஆம் ஃபெர்மா எண்ணுக்கு அந்த நிரூபணம் 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 54 இலக்கக் காரணி ஒன்று சிக்கியது 2010-இல்தான்.

இதைப் பாதி அறிவு என்று ஒரு நண்பர் சொன்னார். ஒப்புக்கொள்ள மாட்டேன். உடையும் என்று அறிவதும் எங்கே உடையும் என்று அறிவதும் வேறு வேறு வேலைகள். ஒன்று செய்யக்கூடியது, மற்றது மலை. பகா எண்ணா இல்லையா என்பதை எந்த எண்ணுக்கும் சந்தேகமில்லாமல், அதுவும் வேகமாக, தீர்மானிக்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயல், சக்சேனா மூவரும் கொடுத்துவிட்டார்கள். காரணிப்படுத்த அப்படி ஒரு வேகமான வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இணையத்தில் ரகசியத் தகவலைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. காரணிகள் சுலபமாகக் கிடைத்திருந்தால் அந்தப் பூட்டே கிடையாது.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பேப்பரை எடுத்து 119-ஐச் சோதித்துப் பாருங்கள். காரணியைத் தேடக் கூடாது. 2-இன் 118-ஆம் அடுக்குக்கு மீதி மட்டும். எனக்கு 30 வந்தது.